உங்களுக்கு எதைக் கண்டு பயம் வந்தது?

இன்று காலை மைதா பசை காய்ச்சினேன். என் ஜெபப் புத்தகத்தின் அட்டை முதுகோடு பிரிந்து வந்துவிட்டது. கடையில் குப்பியில் விற்கும் பசையால் ஒட்டிப் பார்த்தேன். ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. தாங்கும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. ஆகவே மைதாவைக் கட்டி தட்டாமல் கரைத்து, பூச்சி அரிக்காதிருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம் சேர்த்து, இளந்தீயில் கிண்டினேன். பசை கண்ணாடிபோல் ஆகும் நேரத்தில் அந்த வாடை எழுந்தது. லேசாகப் புளித்த, செம்புப் பாத்திரத்தை நினைவூட்டுகிற வாடை. அடுப்பை அணைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

முழங்கை வரை பசை காய்ந்துபோய், கைகளைத் தூக்கிப் பிடித்தபடி நீங்கள் வாசலில் நிற்கிறீர்கள். "டீச்சரம்மா, கொஞ்சம் சுடுதண்ணி கிடைக்குமா?" என்கிறீர்கள். கல்யாணமான நாளிலிருந்து நீங்கள் வீடு திரும்பும்போது புருவத்திலும் இமையிலும் அலுமினியப் பொடி வெள்ளியாக மினுங்கும். பட்டாசு மருந்து அறையின் போர்மேன் அப்படித்தான் இருப்பார். அந்த ஒரு சீசனில், சில வாரங்கள் மட்டும், பசையோடு வந்தீர்கள்.

அந்த வாரங்களைப் பற்றி நான் கேட்ட கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லாமலேயே போய்விட்டீர்கள். விடை வராத கேள்வியைச் சும்மா விட்டு எனக்குப் பழக்கமில்லை. அது உங்களுக்கே தெரியும். நீங்கள் படிக்க மாட்டீர்கள் என்று தெரிந்தும் எழுதுகிறேன். எழுதினால் எனக்காவது தெளியுமா என்று பார்க்கிறேன்.

உங்களுக்கு வாழ்க்கைப்பட்டு சிவகாசிக்கு வந்தபோது, பயம் என்ற சொல் எனக்கு நன்றாகத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். கன்னியர் மடத்துப் பள்ளியில் அது ஞானோபதேசப் பாடமாகவே இருந்தது. இஸ்பிரீத்து சாந்து என்கிற பரிசுத்த ஆவியின் வரங்கள் ஏழு. அவற்றில் கடைசி வரம் தெய்வ பயம். அடி விழுமே என்று பயப்படுவது அடிமையின் பயம், தகப்பனின் மனம் நோகுமே என்று பயப்படுவது பிள்ளையின் பயம் என்று மதர் பிரித்துச் சொல்வார்கள். இரண்டையும் கலந்து எழுதினால் மதிப்பெண் கிடையாது. நான் கலந்து எழுதியதே இல்லை.

அதே சமயம் என்னைப் பயந்தவள் என்று யாரும் சொன்னதும் இல்லை. பாம்புக்குப் பயப்படவில்லை, பள்ளி இன்ஸ்பெக்டருக்குப் பயப்படவில்லை. உங்கள் அம்மாவுக்கும் பயப்படவில்லை. அத்தைக்கு அது பெரிய குறை. நான் நிமிர்ந்து நின்று ஒரு பதில் சொல்லிவிட்டால் சுவரைப் பார்த்துப் பேசுவார்கள்: "இந்த வீட்டுல பொம்பளைகளுக்குப் பயம் விட்டுப்போச்சு. நான் என்னத்தச் சொல்ல." நம் ஊரில் அது வசவுதான். பயம் விட்டுப் போனது என்று யாரையும் பாராட்டி நான் கேட்டதில்லை. ஆனால் நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்வேன்.

உங்கள் கம்பெனி அச்சங்குளம் போகிற வழியில், கரிசல் காட்டுக்குள் இருந்தது. மருந்து கலக்கும் அறை மற்ற அறைகளை விட்டுத் தள்ளி, உடைமரங்களுக்கு நடுவில் தனியாக நின்றது. விடிந்ததும் கலக்கத் தொடங்கி, வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும். வாசலில் ஒரு தண்ணீர்த் தொட்டி. உள்ளே போகிறவன் மோதிரம், அரைஞாண், சாவி எல்லாவற்றையும் கழற்றி வெளியே வைத்துவிட்டு, காலில் ஒட்டிய மணல் போக அந்தத் தொட்டியில் இறங்கி நிற்க வேண்டும். ஒரு மணல் பரல் தரையில் உரசினாலும் போதும், அறை இருக்காது என்று சொல்லியிருக்கிறீர்கள். இவ்வளவும் எல்லாக் கம்பெனிகளிலும் உண்டு. அதற்கு மேல் ஒன்று உங்களுடைய வழக்கம். தண்ணீரில் நிற்கிறவனை நேராகப் பார்த்து நீங்கள் கேட்பீர்கள்:

"பயம் இருக்காலே?"

"இருக்கு அண்ணாச்சி" என்றால் உள்ளே போகலாம். "இல்லை" என்றால் அன்றைக்கு அவனுக்கு மருந்து அறை கிடையாது. பெண்கள் காகிதக் குழாய் உருட்டும் கொட்டகையில் போய் உட்கார்ந்து அவர்களோடு குழாய் உருட்ட வேண்டும். சம்பளம் அதேதான், மானம்தான் போகும். ஆனாலும் சில பேர், மனசு சரியில்லாத நாளில், தாங்களாகவே "இல்ல அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுக் கொட்டகைக்குப் போவார்கள் என்று பெருமையாகச் சொல்வீர்கள்.

கருப்பையாதான் அந்தக் கேள்வியை வைத்து விளையாடுவான். அச்சங்குளத்துக்காரன், உங்களுக்கு வலதுகை. தொட்டியில் நின்றுகொண்டே கேட்பானாம், "எதுக்கு அண்ணாச்சி கேக்கீக, மருந்துக்கா, பொண்டாட்டிக்கா?"

"மருந்துக்குத்தாம்லே கேக்கேன். மத்தது ஊருக்கே தெரியும்."

எனக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. பயந்தவனுக்குக் கை நடுங்கும். நடுங்குகிற கையை உள்ளே அனுப்பி, நடுங்காத கையைத் திருப்பி அனுப்புவது என்ன நியாயம்? "கவனம் இருக்கா என்று கேளுங்கள். அதுதான் சரியான சொல்" என்றேன். நீங்கள் சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்தீர்கள்.

"கவனம் இருக்கான்னு கேட்டா எல்லாப் பயலும் இருக்குன்னுதான் சொல்லுவான். உன் கிளாஸ் பிள்ளைக சொல்லலையா? பயம் இருக்கான்னு கேட்டுப் பாரு. ஒரு நிமிசம் உள்ளுக்குள்ள பாத்துட்டுத்தான் வாயத் தொறப்பான்."

அந்த வாரமே வகுப்பில் 'பயம்' என்ற சொல்லைக் கொடுத்து வாக்கியத்தில் அமைக்கச் சொன்னேன். உங்களைத் திருத்துவதற்கு முன்னால் சொல்லைச் சோதித்துப் பார்க்கலாம் என்ற எண்ணம். எனக்கு இருட்டு என்றால் பயம். ஆசிரியரிடம் பயபக்தியோடு இருக்க வேண்டும். நாய் குரைத்ததால் குழந்தை பயந்தது. வழக்கமான வாக்கியங்கள். ஒருத்தி, வெம்பக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்து தன் அத்தை வீட்டில் தங்கிப் படித்தவள், இப்படி எழுதியிருந்தாள்: 'எங்கள் அப்பாவுக்குப் பயம் இருப்பதால் தினமும் வீட்டுக்கு வருகிறார்.' இலக்கணப் பிழை இல்லை. பொருள் சரியா என்று எனக்கு நிச்சயமில்லை. அவளைக் கேட்டேன். "அம்மா அப்படித்தான் டீச்சர் சொல்லும்" என்றாள். சிவப்புப் பேனாவை மூடிவிட்டேன். சரி என்றும் போடவில்லை, தப்பு என்றும் போடவில்லை. அது என் வழக்கமல்ல.

பிறகு அந்த சீசன் வந்தது. ஆவணி கடைசி என்று நினைவு. தீபாவளி ஆர்டருக்காக எல்லாக் கம்பெனிகளிலும் விளக்கு வைக்கும் வரை வேலை. வேறொரு கம்பெனியில் ஒரு காலை நேரம் மருந்து அறை வெடித்துப் போய்விட்டது. பெயர் வேண்டாம், இன்று அந்த இடத்தில் சோளம் விளைகிறது. சத்தம் கேட்டு முதலில் ஓடியவர்களில் நீங்களும் ஒருவர். கயிற்றுக் கட்டிலில் தூக்கி வந்ததாகச் சொன்னார்கள். யாரை, எப்படி என்று நீங்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அன்று மாலை வந்து குளித்தீர்கள். எப்போதும்போல் சாப்பிட்டீர்கள். ரசத்தில் உப்பு கொஞ்சம் தூக்கல் என்றீர்கள். படுத்தவுடன் உறங்கியும் விட்டீர்கள். என்ன திடமான மனிதர் என்று நான் நினைத்தேன். அத்தை மட்டும் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இவனுக்கு என்னமோ கெட்டிப்பட்டுப் போச்சு தாயி" என்றார்கள்.

அதற்குச் சில நாட்களுக்குப் பிறகுதான் அது நடந்தது. எனக்குக் காலாண்டு விடுமுறை, வீட்டில் இருந்தேன். நீங்கள் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் வெகு நேரம் ஆகவில்லை, திரும்பி வந்து நின்றீர்கள். முகத்தில் பொடி இல்லை. சட்டை மடிப்புக் கலையவில்லை.

"என்னங்க, உடம்புக்கு முடியலையா?"

"உடம்பு நல்லாத்தான் இருக்கு. கருப்பையா கேட்டான். பதில் சொல்ல வரல."

நடந்ததைச் சொன்னீர்கள். எல்லாரையும் கேட்டு உள்ளே அனுப்பிவிட்டு, கடைசியில் நீங்கள் தொட்டியில் காலை வைத்தீர்கள். அத்தனை வருடமாக உங்களை யாரும் கேட்டதில்லை. போர்மேனை யார் கேட்பது? அன்றைக்குக் கருப்பையா கதவோரம் நின்று, பல்லைக் காட்டிக்கொண்டு, "அண்ணாச்சி, உங்களுக்கு இருக்கா?" என்றானாம். மற்றவர்கள் சிரித்தார்களாம். நீங்களும் சிரித்துக்கொண்டேதான் உங்களுக்குள்ளே பார்த்தீர்கள். அங்கே ஒன்றும் இல்லை.

"ஒண்ணுமே இல்ல டீச்சரம்மா. தேடித் தேடிப் பாக்கேன். காலி வீடு மாதிரி இருக்கு."

"இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு உள்ள போக வேண்டியதுதானே?"

நீங்கள் என்னை நிமிர்ந்து பார்த்தீர்கள். "பொய் சொல்லவா? நீயா சொல்லுத?"

பொய் சொன்ன பிள்ளையை வெயிலில் நிறுத்துகிறவள் நான். ஒரு டம்ளர் மோர் மட்டும் கொடுத்தேன். குடித்துவிட்டு மறுபடி கம்பெனிக்குப் போனீர்கள். நேரே குழாய்க் கொட்டகைக்கு. இல்லை என்றவனுக்கு அங்கேதானே இடம்; நீங்கள் வைத்த சட்டம்.

ஒரு நாள் கூத்தாகப் போயிருந்தால் ஊர் சிரித்துவிட்டு மறந்திருக்கும். நீங்கள் தினமும் போனீர்கள். விடிந்ததும் தொட்டியில் நிற்பீர்கள், கருப்பையா கேட்பான். இப்போது அவன் சிரிப்பதில்லை. "இல்லலே" என்று சொல்லிவிட்டுக் கொட்டகைக்கு நடப்பீர்கள். மருந்து அறையில் பொறுப்பான ஆள் இல்லாமல் பாதி வேலைதான் நடந்தது. கொட்டகையில் பெண்களுக்கு நல்ல பொழுதுபோக்கு. "அண்ணாச்சி, பசை கூடிப்போச்சு, குழாயி நெளியுது பாருங்க." "போர்மேன் கை, பதம் வர ரெண்டு சீசன் ஆகும்." நீங்கள் இதையெல்லாம் வீட்டில் வந்து நடித்துக் காட்டுவீர்கள். நான் சிரிக்கவில்லை. தெருக் குழாயடியில் என்னிடம் ஒருத்தி, "டீச்சர் வீட்டுக்காருக்கு மருந்து அறைன்னா பயமாமே, கொட்டகையிலதான் இருக்காராமே" என்று கேட்டாள். பயம் இல்லாததால்தான் அங்கே இருக்கிறார் என்று நான் விளக்கினேன். அவள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னை ஒரு மாதிரி பார்த்தாள். சொல்லச் சொல்ல எனக்கே அது நம்பும்படியாக இல்லை.

எனக்கு இதுவரை விளங்காத இடமும் அதுதான். பயந்த மனிதனை எப்படித் தேற்றுவது என்று எல்லாருக்கும் தெரியும். பயம் போய்விட்ட மனிதனை என்ன செய்வது? கருப்பையா உங்கள் முதுகுக்குப் பின்னால் காகிதப் பையை ஊதி உடைத்துப் பார்த்தான். நீங்கள் திரும்பி, "பை வீணாப்போச்சேலே" என்றீர்களாம். முதலாளி, வேலையை விட்டு நிறுத்திவிடுவேன் என்று மிரட்டிப் பார்த்தார். "உங்க இஷ்டம் மொதலாளி" என்றீர்கள். அத்தையின் மனம் கேட்கவில்லை. பயந்த பிள்ளைகளுக்கு வேப்பிலை வீசித் தண்ணீர் தெளிக்கிற ஒரு அம்மாள் தெற்குத் தெருவில் இருந்தார். மாதா கோயிலுக்குப் போகிற குடும்பம் அங்கே போகக் கூடாது என்றேன். அத்தை முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். நீங்கள் சாதுவாகப் பின்னால் நடந்தீர்கள். நானும் வந்தேன். ஆனால் தெருவிலேயே நின்றேன். அங்கிருந்தே எல்லாம் கேட்டது.

"பிள்ளை எதைப் பாத்துப் பயந்துச்சு?" என்றார் அந்த அம்மாள்.

"பயப்படல தாயி. அதான் கோளாறு. இவனுக்குப் பயம் வரணும்" என்றார்கள் அத்தை.

உள்ளே வேப்பிலைக் கொத்தைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு அந்த அம்மாள், "எறக்கத்தான் தெரியும். ஏத்தி வுட எனக்குத் தெரியாது. இதுக்குன்னு யாரும் என்கிட்ட வந்ததில்ல" என்றார். வெளியே வந்தபோது நீங்கள் வாய்விட்டுச் சிரித்தீர்கள். அத்தை அழுதார்கள். இரண்டில் எதோடு சேர்ந்துகொள்வது என்று தெரியாமல் நான் குடையை விரித்தேன்.

நானும் சும்மா இருக்கவில்லை. தெய்வ பயம் ஒரு வரம் என்று படித்தவள், அதைக் கேட்டு நவநாள் ஜெபம் தொடங்கினேன். பங்குச் சுவாமியாரிடம் ஜெபத்தின் கருத்தைச் சொன்னபோது அவர் திருப்பிக் கேட்டார்: "பயம் நீங்கத்தானே அம்மா?" "இல்லை சுவாமி, வர." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தெய்வ பயமும் மருந்துப் பயமும் ஒன்றுதானா என்று அவரைக் கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார். அவர் மாற்றலாகிப் போகும் வரை சொல்லவில்லை.

ஜெபிக்கும்போதே ஒரு குழப்பம். இவருக்குப் பயம் வந்துவிட்டால் மறுபடி அந்த அறைக்குள் போவார். வராவிட்டால் கொட்டகையில் பசையோடு பத்திரமாக இருப்பார். நான் எதைக் கேட்டு முழங்காலில் நிற்கிறேன்? கேட்பது கிடைத்தால் சந்தோஷப்பட வேண்டுமா? போர்மேனின் மனைவியாக இருப்பதில் எனக்கு ஒரு கௌரவம் இருந்தது, அதை மறைக்கவில்லை. ஆனால் அந்தக் கயிற்றுக் கட்டிலும் மனதில் வந்து வந்து போனது. ஜெபத்தை முடிக்காமலும் விட முடியாது. அதனால் சொற்களை மட்டும் சரியாக உச்சரித்தேன்.

நவநாள் முடிந்த மாலை முதலாளி வீட்டுக்கு வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து காப்பியைக் கையில் வைத்துக்கொண்டே பேசினார். குரலை உயர்த்தவில்லை. "இனிமே பொறுக்க முடியாது. லோடு போகணும். நாளையிலிருந்து கருப்பையா போர்மேன். வாசல்ல கேள்வி கேக்கற பழக்கமும் இன்னையோட சரி. சீசன்ல ஆளைத் திருப்பி அனுப்பிக்கிட்டு இருந்தா கம்பெனியைப் பூட்டிட்டுப் போக வேண்டியதுதான். என்ன சொல்லுதீக?"

அவர் போன பிறகும் அந்த இடத்திலேயே இருந்தீர்கள். நான் டம்ளரை எடுக்க வந்தபோது மட்டும், "கருப்பையாவுக்கு இந்த மாசம் தங்கச்சி கல்யாணம். மனசு ஒரு எடத்துல நிக்காது" என்றீர்கள். என்னிடம் சொன்னீர்களா, உங்களுக்கே சொல்லிக்கொண்டீர்களா, தெரியவில்லை.

மறுநாள் நீங்கள் கிளம்பும்போது நான் கிணற்றடியில் இருந்தேன். நீராகாரத்தைக் குடித்துவிட்டு, போய்ட்டு வாறேன் என்றுகூடச் சொல்லாமல் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனீர்கள். அன்று மாலை நீங்கள் திரும்பி வந்தபோது உங்கள் இமையில் வெள்ளிப் பொடி இருந்தது.

என்ன நடந்தது என்று எனக்குச் சொன்னவன் கருப்பையா. மறுநாளே அவனைத் தெருவில் நிறுத்திக் கேட்டேன். போர்மேன் ஆகப் போனவன் ஆகாமல் போனதில் அவனுக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

"நான்தான் டீச்சரம்மா கேட்டேன். மொதலாளி கேக்கக் கூடாதுன்னாரு. ஆனா அண்ணாச்சி வந்து தண்ணில எறங்கி என் மொகத்தையே பாத்துக்கிட்டு நிக்காக. கேக்காம என்ன செய்ய? பயம் இருக்கா அண்ணாச்சின்னு கேட்டேன். ரொம்ப நேரம் பேசல. அப்பறம் இருக்குன்னாக."

"எப்படிச் சொன்னார்? பயந்த குரலா இருந்ததா?"

"அது எனக்குத் தெரியலையே. காலு நடுங்குச்சு, தண்ணி ஆடுச்சு, அதப் பாத்தேன். காலத்தண்ணி, குளுராவும் இருக்கும்."

"உன் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாரா?"

"என் மொகத்தப் பாத்துத்தான். ஏன் டீச்சரம்மா, நான் எதுவும் தப்புச் செஞ்சிட்டனா?"

இல்லை என்று சொல்லி அவனை அனுப்பினேன். அன்று நீங்கள் சாப்பிட உட்கார்ந்ததும் கேட்டேன். "உண்மையாகவா இருக்குன்னு சொன்னீங்க?"

"சொல்லிட்டேன்ல."

"எதைக் கண்டு வந்தது?"

"நீ திருத்துததுக்கு இது என்ன பரீட்சைத் தாளா? சோத்தப் போடு" என்றீர்கள். கோபமாகச் சொல்லவில்லை. உங்கள் முகத்தைப் படிக்கப் பார்த்தேன். ஒரு வகுப்புப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தினால் எவள் பொய் சொல்கிறாள் என்று கண்ணைப் பார்த்தே சொல்லிவிடுவேன். உங்கள் முகத்தில் பொடி மினுங்கியது. அதற்குக் கீழே என்ன இருந்தது என்று தெரியவில்லை.

பிறகும் எத்தனையோ தடவை கேட்டேன். ஒரு முறை, கனவில் அப்பா வந்து மிரட்டினார் என்றீர்கள். ஒரு முறை, உன் நவநாள்தான் என்றீர்கள். உங்கள் உதட்டோரம் சிரிப்பில் துடித்தது. ஒரு முறை, "கருப்பையா வாசல்ல நிக்கிறதப் பாத்தேன், பயந்துட்டேன்" என்றீர்கள். அது மட்டும் வேடிக்கைபோல் இல்லை. அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அவனுக்காக உண்மையிலேயே பயந்தீர்களா? அல்லது அவனை உள்ளே விடக் கூடாது என்று, இல்லாத பயத்தை இருக்கிறது என்று சொன்னீர்களா? முதலாவது என்றால் மதர் சொன்ன பிள்ளையின் பயத்துக்குப் பக்கத்தில் எங்கோ வருகிறது. ஆனால் நீங்கள் அவனுக்குப் பிள்ளை அல்ல. இரண்டாவது என்றால் பொய். வயதில் மூத்த ஒருவர், இளையவனைக் காப்பாற்றச் சொன்ன பொய். அதற்கு நான் என்ன குறி போடுவது? ஒருவேளை, பொய்யாகச் சொல்லிவிட்டு உள்ளே போன பிறகு, சொன்ன சொல்லுக்காகவே பயம் வந்து சேர்ந்ததோ? இப்படியும் நினைத்துப் பார்க்கிறேன். நினைக்க நினைக்க மூன்றும் சரியாகத் தெரிகிறது.

நடந்ததை வைத்தும் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. அதற்குப் பிறகு வருடக்கணக்காக அந்த வாசலில் நின்றீர்கள், கேட்டீர்கள், கேட்கப்பட்டீர்கள். முதலாளியும் அதை மறுபடி எடுக்கவில்லை. அந்த அறையில் ஒன்றும் ஆகவில்லை. கருப்பையா தங்கையின் கல்யாணத்தை முடித்தான். பிறகு தன் பிள்ளைகளுக்கும் முடித்தான். நீங்கள் சம்பாதித்துக் கட்டிய இந்த விருதுநகர் வீட்டில், உங்கள் கட்டிலில், மூப்பில்தான் போனீர்கள். பயம் இருந்ததால் ஒன்றும் ஆகவில்லையா, இல்லாமலும் ஒன்றும் ஆகவில்லையா?

ஆனால் ஒன்று உண்டு. இதை உங்களிடம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சிரித்திருப்பீர்கள்.

அந்த வெள்ளிப் பொடியைப் பார்த்த மாலைக்கு அடுத்த நாள், நீங்கள் சைக்கிளில் தெரு முனை திரும்பியதும் காப்பியை ஊற்றினேன், குடிக்க முடியவில்லை. பித்தம் என்று நினைத்தேன். காப்பியை மூடி வைத்தேன். பள்ளியில் பாடம் நடத்தினேன். காது மட்டும் தெற்கே, கம்பெனிப் பக்கமே இருந்தது. வெயில் ஏறி, மருந்து அறை மூடுகிற நேரம் ஆனதும் தானாகவே சரியாயிற்று. அடுத்த நாளும் அப்படியே. அதற்கும் அடுத்த நாளும். பாம்புக்கும் இன்ஸ்பெக்டருக்கும் பயப்படாத நான், அதற்குப் பெயர் வைக்கவே கொஞ்ச காலம் ஆயிற்று. உங்களுக்கு இருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியாதபோது, யாராவது ஒருவருக்கு இருக்க வேண்டும் அல்லவா? அதனால் வந்ததா? இல்லை, நவநாளில் நான் கேட்டது முகவரி மாறி என்னிடமே வந்து சேர்ந்ததா?

நீங்கள் வேலையை விட்டு நின்றபோது அது போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. நீங்களே போன பிறகாவது தீரும் என்று நினைத்தேன். பயப்பட இனி இந்த வீட்டில் யாரும் இல்லை. மகள் சென்னையிலிருந்து போனில் கேட்கிறாள், "தனியா இருக்கப் பயமா இல்லையாம்மா?" இல்லை என்கிறேன், உண்மைதான். எனக்காக நான் பயப்பட்டதே இல்லை. ஆனால் இன்றும் விடிந்ததும் காப்பி போட்டு மூடி வைக்கிறேன். வெயில் ஏறும் வரை அதைக் குடிக்க முடிவதில்லை. இந்தப் பயம் உங்களுடையதா, என்னுடையதா, யாரிடம் திருப்பிக் கொடுப்பது என்று தெரியாமல் தெற்கு ஜன்னலோரம் நிற்கிறேன். பின்பு வெயில் சமையற்கட்டுக்குள் வருகிறது. சிவகாசிப் பக்கத்து மருந்து அறைகளையெல்லாம் இந்நேரம் மூடியிருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, ஆறிப்போன காப்பியை எடுத்துச் சூடுபண்ணுகிறேன்.